புகை அலமாரி

“புகையை யாராவது அலமாரியில வெச்சுப் பூட்டுவாளா, அப்பா?”

ருக்கு இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. 1924-ஆம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சாமராஜபேட்டை வீட்டின் கூடத்தில் அவளுடைய அப்பா சுந்தரேசன் பாய் விரித்து உட்கார்ந்து, சாய்வுப் பெட்டியின் மேல் காகிதங்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார்.

சர்வகலாசாலை அலுவலகத்தில் அவர் இரண்டாவது குமாஸ்தா. அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டியிருந்தது. சர்வகலாசாலை இதுவரை என்ன சாதித்தது, இனிமேல் அதற்கு என்னென்ன தேவை என்பதுதான் விஷயம். ஒவ்வொரு துறையிலிருந்தும் எழுதி அனுப்பியிருந்தார்கள். மொத்தம் தொண்ணூறு தாள். “படிக்கப் போகிறவர்கள் பெரிய மனிதர்கள். பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் புரட்டமாட்டார்கள்” என்று சொல்லி ரிஜிஸ்திரார் அந்தக் கட்டைச் சுந்தரேசனிடம் கொடுத்திருந்தார். சுருக்கி எழுதுவதில் அவருக்கு நல்ல பெயர்.

சாதனைகளை எழுதுவது சுகமாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டம் வாங்கியிருந்தார்கள், அதில் ஒன்பது பேர் பெண்கள். புத்தகசாலையில் பதினோராயிரம் புத்தகங்கள். பௌதிகம் கற்பிக்கும் ஒருவரின் கட்டுரையை லண்டன் பத்திரிகை வெளியிட்டிருந்தது. இதையெல்லாம் எழுதும்போது, தாமே நானூற்றுப் பன்னிரண்டு தடவை பட்டம் வாங்கியது போலச் சுந்தரேசனுக்கு மனம் நிறைந்தது. அவர் பட்டப் படிப்புக்கு முந்தின எஃப்.ஏ. பரீட்சையிலேயே தவறியவர்.

தேவைகள்தான் சிரமம். ரசாயனத் துறையின் புரொபசர் அலெக்சாண்டரின் கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி இருக்கும். ருக்கு அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, தெரிந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள்.

“கப்... போர்டு.”

“கபர்டுன்னு சொல்லணும். நடுவுல வர ‘ப்’ சத்தம் வாயில வராது.”

“அலமாரி! என் புஸ்தகத்துல படம் இருக்கு. அதுக்கு முன்னால என்னப்பா?”

“ஃப்யூம். அப்படின்னா புகை.”

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவள் அம்மா ஜகதாம்பாள் சிரித்துவிட்டாள். “பூட்டாட்டா ஓடிப்போயிடாதோ! கேளுடி நன்னா” என்றாள். சுந்தரேசனும் சிரித்தார். காகிதத்தை மறுபடி பார்த்தார். புகை அலமாரி, இரண்டு. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. எழுதிய புரொபசருக்கு அது சமையலறைக்கு அடுப்பு வேண்டும் என்பது போலத் தெளிவான விஷயம். விளக்க வேண்டும் என்றே தோன்றியிராது. சுந்தரேசனுக்கோ குழந்தை சொன்னதே சரி என்று பட்டது. அவசரத்தில் ஏதோ கை தவறி எழுதியிருக்கிறார், அல்லது அலமாரி செய்து விற்கும் கம்பெனியின் பெயராக இருக்கும். எதுவானால் என்ன? புகையை விட்டுவிட்டார். மேஜை, நாற்காலி, பெஞ்சு என்ற மரச்சாமான் பட்டியலுக்கு அடியில், ‘ரசாயனம்: அலமாரி, இரண்டு’ என்று முத்து முத்தாக எழுதினார்.

அறிக்கையைப் பார்த்துப் பணம் ஒதுக்க வேண்டிய அரசாங்கச் சபை கூடியது. ரசாயனத் துறையில் ஏற்கெனவே பதினோரு அலமாரிகள் இருப்பதாக யாரோ ஓர் அங்கத்தினர் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த வரியைச் சிவப்பு மசியால் அடித்தார்கள். முகப்புக்கு ஒரு கடிகாரம் வேண்டும் என்ற வரி மட்டும் அடிபடாமல் தப்பியது. அறிக்கை தெளிவாக, சுருக்கமாக இருந்ததென்று ரிஜிஸ்திரார் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று சுந்தரேசன் நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

ரசாயனச் சாலையில் மதலைமுத்து என்று ஓர் அட்டெண்டர் இருந்தார். பிளாக்பள்ளிப் பேட்டைக்காரர். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் மனைவி அல்போன்சாவோடும் தம்பி டொமினிக் குடும்பத்தோடும் குடியிருந்தார். கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவது, ஆசிட் கலந்து வைப்பது, மாணவர்கள் வருவதற்குள் வாயுக்களைத் தயாரித்து வைப்பது இவையெல்லாம் அவர் வேலை. பட்டம் வாங்கிய நானூற்றுப் பன்னிரண்டு பேரில் விஞ்ஞானம் படித்த அத்தனை பேரும் அவர் கழுவி வைத்த குப்பியைத்தான் தொட்டிருப்பார்கள்.

அவருக்கும் சுந்தரேசனுக்கும் இடையே யாரும் அறியாத ஒரு விஷயம் உண்டு. 1918-ஆம் வருஷம் ஐப்பசியில் விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது, சுந்தரேசன் வீட்டில் மூன்று பேரும் ஒரே நாளில் படுத்துவிட்டார்கள். ருக்குவுக்கு அப்போது ஒரு வயது. ஜகதாம்பாளுக்குப் பால் வற்றிவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவரவர் வீட்டிலும் சாவு காத்திருந்தது. இரண்டாம் நாள் காலையில் மதில் மேல் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. காக்காய் மூடியைத் தள்ளிவிடாமல் அதன் மேல் ஒரு கல். உள்ளே சுக்குத் தட்டிப்போட்ட நொய்க்கஞ்சி, சூடு ஆறாமல்.

ஒன்பது நாள் அது வந்தது. சுந்தரேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் காலித் தூக்கை மதிலில் வைத்துவிட்டு வந்தால், மறுநாள் அது நிறைந்திருக்கும். “யாரது?” என்று ஜகதாம்பாள் படுக்கையிலிருந்தே கேட்பாள். பதில் வராது. ஒன்பதாம் நாள் சுந்தரேசன் விடியுமுன்பே எழுந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். சந்து முனையில் ஓர் அட்டெண்டரின் சிவப்புப் பட்டைத் தலைப்பாகை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தூக்கின் அடியில் புள்ளி புள்ளியாக ‘அ. ம.’ என்று பேர் வெட்டியிருந்தது. அந்தோணி மகன் மதலைமுத்து.

பத்தாம் நாள் தூக்கை எடுக்க யாரும் வரவில்லை. மதலைமுத்துவே காய்ச்சலில் விழுந்திருந்தார். பிழைத்து வேலைக்கு வந்த பிறகு சுந்தரேசன் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேச்செடுத்தார்.

“கஞ்சியா? நான் அந்தப் பக்கமே வரலியே சாமி” என்று மதலைமுத்து சிரித்துக்கொண்டே போய்விட்டார். கிறிஸ்தவர் வீட்டுக் கஞ்சியைக் குடித்தார்கள் என்று தெரு பேசக்கூடாது என்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னாரென்று சுந்தரேசனுக்குப் புரிந்தது.

தூக்கு வீட்டிலேயே தங்கிவிட்டது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது ஜகதாம்பாளின் வழக்கம். அதில் எதைப் போட்டுக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்து, பூஜை மாடத்துக்குக் கீழே கவிழ்த்து வைப்பாள்.

*

1926-ஆம் வருஷம் ஆனி மாதத்தில், சுற்றறிக்கை ஒன்றில் புரொபசர் அலெக்சாண்டரின் கையெழுத்து வாங்கச் சுந்தரேசன் ரசாயனச் சாலைக்குப் போனார். வழக்கமாக இதற்கு வேறு யாராவது போவார்கள். அன்று ஆளில்லை.

“வாங்க சாமி. வாசல்லயே நில்லுங்க. உள்ள வராதீங்க” என்று ஒரு குரல் கேட்டது.

உள்ளே செம்பழுப்பாய்ப் புகை கவிந்திருந்தது. மதலைமுத்து மூக்கின் மேல் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய கண்ணாடிச் சட்டியைக் கண்ணாடிக் கோலால் கிளறிக்கொண்டிருந்தார். அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து துணியை அவிழ்த்தார். இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். எட்டு வருஷத்துக்கு முன் மதிலை எட்டித் தூக்கு வைத்த மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

“என்ன மதலைமுத்து இது?”

“தாமிரத்தை ஆசிட்ல வேக வெக்கறேன் சாமி. பசங்க பத்து மணிக்கு வந்துருவாங்க. நம்ம வீட்டுல அல்போன்சா வெறகு வெச்சு எரிச்சாலும் கூரையில ஓட்டை இருக்கு, பொகை போயிரும். இது பி.எஸ்ஸி. அடுப்பு. ஓட்டை இல்ல.” தன் வேடிக்கைக்குத் தானே சிரித்து மறுபடி இருமினார்.

“வெளியில வராந்தாவுல வெச்சுச் செய்யப்படாதா?”

“செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பக்கத்துக் கிளாசுக்கு நாத்தம் வருதுன்னு கம்ப்ளெயின்ட் குடுத்தாங்க. பர்வாயில்ல. புரொபசர் இதுக்குன்னே ஒண்ணு கேட்டாரு சாமி, ரெண்டு வருஷம் முன்னால. கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு. சட்டியை உள்ள வெச்சுக் கதவை இறக்கிட்டா பொகை பூரா கொழாய் வழியா கூரைக்கு மேல போயிரும். மெட்ராஸ் காலேஜ்ல இருக்குதாம். கூண்டுன்னு பேர் வெச்சிருக்கலாம். வெள்ளைக்காரன் அதுக்குக் கப்போர்டுன்னு பேர் வெச்சுட்டான்.”

சுந்தரேசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“மேல இருக்கறவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? கெமிஸ்ட்ரிக்குப் பதினோரு அலமாரி இருக்கு, போதும்னாங்களாம்! புரொபசர் தலையில அடிச்சுக்கிட்டாரு. திருப்பி எழுதினா, தள்ளினது தள்ளினதுதான், அஞ்சு வருஷம் கழிச்சுக் கேளுன்னு பதில். என்ன சாமி, மூஞ்சி வெளுத்துருச்சே? பொகை ஒத்துக்கலியா? போங்க, போய்க் காத்தாட நில்லுங்க. கையெழுத்து நான் வாங்கியாறேன்.”

*

ஹெட் கிளார்க் ரங்கா ராவ் மார்கழியில் ஓய்வு பெற இருந்தார். அவர் நாற்காலி சுந்தரேசனுக்கு என்று அலுவலகம் முழுவதும் பேச்சு. அன்று பிற்பகல் சுந்தரேசன் அவரிடம் போய், தள்ளுபடியான ஒரு தேவையை ஐந்து வருஷம் ஆவதற்குள் மறுபடி எழுப்ப வழி உண்டா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

ரங்கா ராவ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, தம் கன்னடம் கலந்த தமிழில் பதில் சொன்னார். “ஒரே வழி இதேரீ. எழுத்துப் பிழையால தள்ளினதுன்னு ஆகணும். பிழை பண்ணினவன் தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரு எழுதுவான்?” சிறிது நேரம் பேனாவைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஏன்ரீ சுந்தரேசன், யாரோட பிழைன்னு நான் கேக்கப் போறதில்ல. ஆர்டர் ஆகற வரைக்கும் சும்னே இருங்க. ஆறு மாசம். அப்புறம் நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்ன வேணாலும் எழுதுங்க.”

அவர் கெட்ட மனிதர் அல்லர். தனக்குத் தெரிந்த நல்லதைத்தான் சொன்னார்.

சுந்தரேசன் சும்மா இருந்தார். முதலில் செய்தது அறியாமை. வார்த்தை தெரியாதவன் வார்த்தையை விட்டான். அதைத் தெய்வம் பொறுக்கலாம். இப்படிச் சும்மா இருந்ததற்கு அவரிடம் அந்தச் சாக்கு இல்லை. இது அவருக்கே தெரியும். ஆடி போகட்டும் என்றார், பிறகு நவராத்திரி ஆகட்டும் என்றார். காலையில் விளக்கேற்றி நிற்கும்போது உதடு சுலோகம் சொல்லும்; கண் மாடத்துக்குக் கீழே கவிழ்ந்திருந்த தூக்கைப் பார்க்கும். பாதியில் நிறுத்தி, மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மதலைமுத்துவைப் புத்தகசாலைக்கு மாற்றலாமா என்று மட்டும் ஒரு முறை முயன்றார். மதலைமுத்துவே அதற்கு ஒப்பவில்லை. “அங்க எல்லாருமே எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க சாமி. புஸ்தகத்தைத் தலைகீழா அடுக்கி வெச்சுருவேன். இங்க குப்பி என் பேச்சைக் கேக்குது” என்றார்.

கார்த்திகை மாதம் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாணவர்கள் முப்பது பேர் பெஞ்சுகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூலையில் தாமிரம் வெந்துகொண்டிருந்த பெரிய சட்டி விரிசல் விட்டு உடைந்தது. ஆசிட் தாமிரத்தூள் தட்டின் மேல் பாய்ந்தது. அறை முழுவதும் புகை எழுந்தது. மதலைமுத்து கதவருகே நின்று, ஒவ்வொரு மாணவனாகத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். எண்ணினார். இருபத்தொன்பது. உள்ளே போய் முப்பதாவது ஆளை இழுத்து வந்தார். பிறகு ஜன்னல்களைத் திறக்கவும் மணலைக் கொட்டவும் மறுபடி உள்ளே போனார்.

வெளியே வந்தபோது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “முப்பதும் சரியா இருக்கு சார். ஒரு பையனுக்கும் கீறல் இல்ல” என்று புரொபசர் அலெக்சாண்டரிடம் சொன்னார். புரொபசர் வண்டி வைத்து அனுப்புகிறேன் என்றதற்கு, நடந்தால்தான் காற்று வரும் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்தப் புகையின் குணம் அது. வந்தவுடன் கொல்லாது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, மனிதன் பிழைத்தேன் என்று நினைத்த பிறகு நெஞ்சில் நீர் சேர்க்கும். மறுநாள் விடிந்ததும் பௌரிங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். தண்ணீரில் மூழ்குகிறவர்போல மூச்சுக்குத் தவித்து, உச்சி வேளையில் மதலைமுத்து இறந்துபோனார்.

அடக்கத்துக்குச் சுந்தரேசன் போனார். மாதா கோயிலுக்குள் அதுவரை அவர் போனதில்லை. கடைசித் தூணருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அல்போன்சா அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

“நீங்களும் வந்தீங்களா சாமி. உங்களைப் பத்தி அது எப்பவும் சொல்லும். எங்க ஆபீஸ்ல ஒரு சாமி இருக்காரு, கையெழுத்து முத்து மாதிரின்னு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “யாரையும் குத்தம் சொல்ல முடியாது சாமி. மாதா கூப்பிட்டுட்டா.”

சொல்லிவிட வேண்டும் என்று சுந்தரேசனுக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. பதவி ஆர்டர் கையெழுத்தாக இன்னும் மூன்று வாரம் இருந்தது.

*

மதலைமுத்துவின் இடத்தில் அவர் தம்பி டொமினிக்கை வைத்தார்கள். குடும்பத்துக்குச் செய்த பெரிய உபகாரம் என்று எல்லாரும் சொன்னார்கள். டொமினிக்குக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள்.

அந்த வாரமே வருஷாந்திர அறிக்கைக்கான குறிப்புகள் எழுத வேண்டியிருந்தது. ரங்கா ராவ் சொல்லச் சொல்லச் சுந்தரேசன் எழுதினார். சாதனைகள் என்ற தலைப்பில் நான்காவது இனம் வந்தது.

“எழுதுங்க. ‘விஞ்ஞானச் சாலைகளில் இவ்வாண்டு மாணவர் எவருக்கும் விபத்து எதுவும் நேரவில்லை.’ எழுதினீங்களா?”

சுந்தரேசன் பேனாவை நிறுத்தினார்.

“என்னரீ?”

“மாணவர் எவருக்கும்...” என்றார் சுந்தரேசன்.

“ஆமா. பொய் ஒண்ணும் இல்லையே. மாணவர்னுதானே போட்டிருக்கு.”

பொய் இல்லைதான். ஒரு வார்த்தையை வைத்தோ விட்டோ எவ்வளவு மறைக்கலாம் என்பது சுந்தரேசனுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போனார். கால் தானாக ரசாயனச் சாலைப் பக்கம் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே டொமினிக் அண்ணனின் அதே துணியை நனைத்து மூக்கின் மேல் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடத் தெரியவில்லை. அது நழுவி நழுவி விழுந்தது.

மத்தியான டிபனுக்கு எல்லாரும் போன பிறகு, காலி அலுவலகத்தில் சுந்தரேசன் ஆவண அறையைத் திறந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தின கட்டைத் தேடி, புரொபசர் அலெக்சாண்டரின் தாளை எடுத்தார். எறும்பு வரிசைக்கு நடுவே அந்த வார்த்தை அப்படியே இருந்தது. தம் நாற்காலிக்கு வந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினார்.

‘ரசாயனத் துறை கேட்டது புகை அலமாரி. அது மரச்சாமான் அன்று. விஷப்புகையை வெளியேற்றும் கூண்டு. சுருக்கி எழுதியபோது புகை என்ற வார்த்தையை நான் விட்டுவிட்டேன். பிழை முழுவதும் என்னுடையது. ஆறு மாதமாக இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. இடையில் அட்டெண்டர் அ. மதலைமுத்து இறந்துவிட்டார்.’

கடைசி மூன்று வாக்கியங்கள் விதிக்குத் தேவையில்லை. அவற்றை நீக்கிச் சுருக்கலாமா என்று பழகிய கை தயங்கியது. அவர் சுருக்கவில்லை. கையெழுத்திட்டு, பழைய தாளையும் சேர்த்துத் தைத்து, ரிஜிஸ்திரார் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

நடக்க வேண்டியது நடந்தது. அவருடைய பணிப் பதிவேட்டில் சிவப்பு மசியில் நான்கு வரி ஏறியது. ரங்கா ராவின் நாற்காலிக்கு மைசூரிலிருந்து வேறொருவர் வந்தார். ரங்கா ராவ் கடைசி நாளன்று விடைபெறும்போது, “மூணு வாரம் பொறுத்திருக்கக் கூடாதாரீ?” என்று மட்டும் கேட்டார். புரொபசர் அலெக்சாண்டர் ஒரு நாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டார். கோபிப்பார் என்று சுந்தரேசன் நின்றார். புரொபசர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கோபித்திருந்தால் சுந்தரேசனுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வீட்டில் ஜகதாம்பாள், “ஏன்னா, உங்களுக்குத்தான்னு சொன்னாளே, என்ன ஆச்சு?” என்றாள்.

“ஒரு அறிக்கையில ஒரு வார்த்தையை விட்டுட்டேன்.”

“ஒரு வார்த்தைக்கா?” என்று ருக்கு நிமிர்ந்தாள். அவளுக்கு இப்போது ஒன்பது முடிந்திருந்தது. “என்ன வார்த்தைப்பா?”

அவள் முகத்தைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கேள்வியும் அவளுக்கு நினைவே இல்லை.

“சின்ன வார்த்தைதான், கண்ணு. நீ கணக்குப் போடு” என்றார். அதன் பிறகு ஆயுள் முழுவதும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

*

சபை மறுபடி கூடி, கேட்ட இரண்டையும் கொடுத்தது. 1927 வைகாசியில் புகை அலமாரிகள் வந்தன. தேக்குச் சட்டத்தில் கண்ணாடிக் கதவு, மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் குழாய்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை டொமினிக் ஏதோ தாள் வாங்க அலுவலகத்துக்கு வந்தார்.

“வந்து பாருங்க சாமி ஒரு நாள். கதவை இறக்கிட்டா பொகை நூல் புடிச்ச மாதிரி மேல போகுது. கையைக் கட்டிக்கிட்டு நிக்கலாம்.” பிறகு குரல் தாழ்ந்தது. “யாரோ ஒருத்தரு தப்பா எழுதிட்டாராம் சாமி முன்னாடி. அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாராம். அதனாலதான் வந்துச்சாம். அந்த ஆளு நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரியல.”

“கெட்டவன்தான்” என்றார் சுந்தரேசன்.

“அண்ணனா இருந்தா, போகட்டும் விடுறான்னு சொல்லியிருக்கும்.” டொமினிக் தாளை மடித்துப் பையில் வைத்தார். “வரேன் சாமி. நேரமாச்சு. அண்ணிக்கு வியாழக்கெழமையிலேந்து காய்ச்சல். நாக்குல எதுவும் ஒட்டல. நாளைக்கும் பூசைக்கு நாங்க மட்டுந்தான் போறோம், அது படுத்தே கெடக்குது.”

மறுநாள் விடிந்ததும் சுந்தரேசன் குளித்து, மாடத்துக்குக் கீழே இருந்த தூக்கை எடுத்து ஜகதாம்பாளிடம் நீட்டினார்.

“நொய்க்கஞ்சி வைக்கறயா? சுக்குத் தட்டிப் போட்டு.”

அவள் தூக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அடுப்பை மூட்டினாள்.

மார்க்கெட்டுப் பக்கத்தில் ஒரு ஜட்கா பிடித்து, தூக்கை மடியில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு சுந்தரேசன் பிளாக்பள்ளிக்குப் போனார். மாதா கோயிலுக்குச் சற்று முன்பே வண்டியை நிறுத்தச் சொன்னார். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் கேட்டது. சந்தில் ஆளே இல்லை. எல்லா வீடும் பூட்டியிருந்தது. ஒரு வீட்டின் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம்.

படியின் மேல் தூக்கை வைத்தார். பித்தளை கல்லில் பட்டு லேசாக ஒலித்தது.

“யாரது?” என்று அல்போன்சாவின் குரல் உள்ளேயிருந்து தளர்ந்து வந்தது.

எதிர்க் கூரையில் இரண்டு காக்காய்கள் உட்கார்ந்திருந்தன. சுந்தரேசன் குனிந்து, சுவரோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்து மூடியின் மேல் வைத்தார். அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தார். கோயில் மணி அடித்து ஜனங்கள் வெளியே வருவதற்குள் மறு சந்தில் திரும்பி நடந்தார்.